தோட்டத்துப் பிள்ளைகள் தோட்டம் பார்க்கப் போன கதை

ஜொகூர்த் தமிழர் ஒருவரிடம் "தோட்டம் பார்க்கப் போகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். ரோஜாவோ மல்லிகையோ அவர் நினைவுக்கு வராது. "எந்தத் தோட்டம்? குளுவாங் பக்கமா, சிகாமட் பக்கமா?" என்பார். எங்களுக்குத் தோட்டம் என்றால் கித்தா எனும் ரப்பர் மரம், லயம் எனும் வரிசை வீடுகள், விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, தண்டலின் அதட்டல், கோடியில் ஒரு மாரியம்மன் கோயில். பூச்செடி இருக்கும் இடத்துக்கு "வூட்டு முன்னால" என்று பெயர். எனவே எங்கள் பின்னல் குழு இங்கிலாந்துக்குத் தோட்டம் பார்க்கப் போவதென்று முடிவானபோது குளுவாங் அத்தை கேட்டார்: "முப்பது வருசம் பால் வெட்டிட்டு இப்பதான் வெளிய வந்தேன். காசு கட்டி மறுபடி தோட்டத்துக்கா?"

குழுவைப் பற்றி ஒரு வார்த்தை. ஜொகூர் பாருவில் வருடம் முழுவதும் வியர்க்கும். அந்த ஊரில் ஒன்பது பெண்கள் சனிக்கிழமைதோறும் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கம்பளி நூலில் ஸ்வெட்டர் பின்னுகிறோம். அதைப் போட்டுக்கொள்ள எங்கள் நாட்டில் உருப்படியாக இருக்கும் ஒரே இடம் கோலாலம்பூர் எக்ஸ்பிரஸ் பஸ். கான்வென்ட்டில் சிஸ்டர்கள் டீச்சருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், டீச்சர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஏன் என்று இரு தரப்பும் கேட்கவில்லை.

ஜொகூரிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்டதில் நாங்கள் முதல் ஆட்கள் அல்ல. அந்தப் பெருமை பின்னாளில் ஜொகூர் சுல்தானான அபு பக்கருடையது. 1866-இல், வெறும் தெமெங்கோங் பட்டத்தோடு இருந்தபோதே, கப்பலேறிப் போய் விக்டோரியா மகாராணியைப் பார்த்துவிட்டு வந்தார். அதே ஆண்டில் நீரிணையைப் பார்த்தாற்போல் புல்வெளியும் பூந்தோட்டமுமாக இஸ்தானா பெசார் அரண்மனை எழுந்தது. மனிதருக்கு இங்கிலாந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. திரும்பத் திரும்பப் போனார். ஒரு முறை அங்கே 'ஆல்பர்ட் பேக்கர்' என்ற பெயரில் உலவினார். (அபு பக்கர், ஆல்பர்ட் பேக்கர். ஒளிந்துகொள்ள நினைப்பவர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கலாம்.) 1885-இல் அந்தப் பேக்கர் தன்னைக் கல்யாணம் செய்துகொள்வதாக வாக்களித்து ஏமாற்றினார் என்று ஜென்னி மைகெல் என்ற பெண் வழக்குப் போட்டார். மன்னர் தரப்பு வாக்குக் கொடுத்தாரா இல்லையா என்ற பேச்சுக்கே போகவில்லை. "நான் ஒரு நாட்டின் அரசன், உங்கள் கோர்ட்டுக்கு என்மேல் அதிகாரமில்லை" என்றது. காலனி அலுவலகமும் "ஆமாம், அரசர்தான்" என்று கடிதம் கொடுக்க, வழக்கு தள்ளுபடி. சட்டம் படிக்கும் பிள்ளைகள் இன்றும் 'மைகெல் எதிர் ஜொகூர் சுல்தான், 1894' என்று மனப்பாடம் செய்கிறார்கள். சுற்றுலா பஸ்ஸில் நான் இதைச் சொன்னதும் எங்கள் குழுவின் மூவார் அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மெதுவா பேசுடி, நாம ஊருக்குத் திரும்பணும்" என்றார். ஆக்ஸ்ஃபோர்டு நெடுஞ்சாலையில்!

முதலில் காட்டியது பிளெனம் மாளிகை. அங்குள்ள ஏரி 18-ஆம் நூற்றாண்டில் லேன்சலட் பிரவுன் என்பவர் ஆற்றை மறித்து உண்டாக்கியது. எந்தப் பிரபுவின் நிலத்தைப் பார்த்தாலும் "இதற்கு நல்ல கேப்பபிலிட்டி இருக்கிறது" என்பாராம். 'கேப்பபிலிட்டி பிரவுன்' என்றே பெயர் நின்றுவிட்டது. நம் ஊர் வீட்டுத் தரகர்களின் குலகுரு. குன்றைக் கரைப்பார், ஆற்றை வளைப்பார், மரத்தை இடம் மாற்றுவார். கடைசியில் எல்லாம் தானாக அமைந்ததுபோல் இருக்க வேண்டும், அதற்குத்தான் காசு. டார்செட்டில் மில்டன் பிரபுவுக்குத் தன் ஜன்னல் காட்சியை ஒரு சிற்றூர் கெடுப்பதாகப் பட்டது. ஊரையே இடித்து, ஆட்களைக் கண்ணில் படாத தூரத்தில் குடியேற்றினார். அந்தத் திருப்பணியிலும் பிரவுனுக்குக் கை உண்டு. "எங்க லயத்தகூட வீடமைப்புத் திட்டம்னு சொல்லித்தான் இடிச்சாங்க. வெறும் வேடிக்கை பாக்கவா இடிப்பானுங்க?" என்றார் அத்தை.

இன்னொரு கண்டுபிடிப்பு, ஹா-ஹா. சிரிப்புச் சத்தம் அல்ல, அதற்குப் பெயரே அதுதான். வேலி போட்டால் அழகு கெடுமென்று பள்ளம் தோண்டி, ஒரு பக்கம் சுவர் எழுப்பி மறைத்திருப்பார்கள். மாளிகையிலிருந்து பார்த்தால் புல்வெளி நேரே மாடு மேயும் இடம்வரை ஓடும், மாடோ இந்தப் பக்கம் வர முடியாது. மாட்டையும் பார்க்க வேண்டும், மாடு வந்தும் விடக் கூடாது. எங்கள் தோட்டத்துத் துரைமாரும் தமிழரோடு இந்த முறையில்தான் பழகினார்கள்.

கென்ட்டில் சிஸ்ஸிங்ஹர்ஸ்ட். எழுத்தாளர் விட்டா சாக்வில்-வெஸ்ட் 1930-இல் பாழடைந்த கோட்டை ஒன்றைக் கணவரோடு வாங்கி உருவாக்கிய தோட்டம். வெள்ளைப் பூக்கள் மட்டுமே பூக்கும் பகுதிக்காக உலகமே வருகிறது. அழகுதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் பத்து பகாட் அக்கா நுழைவுச் சீட்டை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். "தும்ப, மல்லி, நந்தியாவட்ட. மூணையும் எங்கம்மா கெணத்தடியிலயே வச்சிருந்தாங்க."

கியூ தோட்டத்தில் கண்ணாடியாலும் இரும்பாலுமான பனை மாளிகைக்குள் நுழைந்ததும் எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றினோம். ஜொகூர் வெயில் உள்ளே அடைபட்டுக் கிடந்தது. இந்த இடம் நமக்குச் சம்பந்தி வீடு என்று எனக்குத் தோன்றியதும் இங்கேதான்.

கதை இதுதான். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர், போட்ட விவசாயமெல்லாம் படுத்துப்போய், பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலேற்றினார். ஆயிரத்துக்குப் பத்துப் பவுண்டு கூலி என்று பேச்சு. சுங்கத்தில் "மகாராணியின் தோட்டத்துக்குப் போகும் மென்மையான செடிகள்" என்று சொல்லிக் கடத்தியதாகப் பிற்பாடு அவரே பெருமை பேசினார். பின்னாளில் சர் பட்டமும் வாங்கினார். கியூவில் முளைத்தவை 2,700 அளவில்தான். பெரும்பங்கு இலங்கைக்குப் போனது. அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தவை வெறும் 22 கன்றுகள். அந்தக் காலத்தில் கன்றுகளைக் கடல் கடத்தியது வார்டு என்ற லண்டன் மருத்துவரின் கண்ணாடிப் பெட்டியில். உப்புக்காற்று படாது, வெயில் மட்டும் உள்ளே வரும். செடிக்கு அப்படியொரு தனி அறை.

அந்தச் செடி மரமானதும் அதை வெட்ட ஆள் வேண்டியிருந்தது. கங்காணி ஊருக்குப் போய் ஆசை காட்ட, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்களுக்குக் கண்ணாடி அறை கிடையாது. வெட்ட வெளி டெக். உப்புக்காற்று இலவசம். அப்படி வந்தவர்களில் ஒருவர் என் தாத்தா.

நடுவில் ஒரு ரிட்லி வருகிறார். 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்த ஹென்றி ரிட்லி, சட்டைப்பை நிறைய விதையோடு அலைந்து, காப்பி போட்டிருந்த துரைமாரிடம் "இதை நடு, நடு" என்று நச்சரித்தார். 'பைத்தியக்கார ரிட்லி' என்று பட்டம் கொடுத்தார்கள். மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவி, அதே காயத்தை மறுபடி மறுபடி திறந்து பால் எடுக்கும் வழியைக் காட்டியவர் அவர்தான். மோட்டார் கார் வந்தது, பைத்தியம் தெளிந்தது. துரைமாருக்குப் பிடித்தது. ஜொகூரில் மிளகும் கம்பீர்ச் செடியும் இருந்த காடெல்லாம் கித்தாவானது. ரிட்லி 83 வயதில் கல்யாணம் செய்துகொண்டு, நூறு வயதைத் தாண்டி 1956-இல் கியூ பக்கத்திலேயே கண்ணை மூடினார். பால் வெட்டியவர்களில் அந்த ஆயுள் யாருக்கு வாய்த்தது?

அவர் காலத்து வெட்டு முறைக்கு மீன்முள் வெட்டு என்று பெயர். நடுவில் ஒரு கோடு, இரு பக்கமும் சாய்ந்த கோடுகள். நான் காகிதத்தில் வரைந்து காட்டியதும் டீச்சர் பையிலிருந்து பாதி முடிந்த சால்வையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். மீன்முள் பின்னல். அச்சு அசல் அதே. "எங்க காலத்துல ஒத்தக் கோடுதான். அப்பாயி காலத்துல இப்பிடித்தான் வெட்டுவாங்களாம்" என்ற அத்தை எழுந்துபோய் அங்கே நின்ற கித்தா மரத்தைத் தடவிப் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், சுற்றி வந்தார்.

"எங்கயும் வெட்டுத் தழும்பக் காணோமே. வச்சிக்கிட்டு என்னா செய்யறாங்க?"

"பாக்கறதுக்கு அத்தை."

"பாக்கறதுக்கா?" கேட்டுவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஊசியை எடுத்தார். நாங்கள் மற்ற செடிகளைப் பார்த்துவிட்டு வரும்வரை எழுந்திருக்கவில்லை.

ஊர் திரும்பும்போது விமானத்தில் பேச்சு வந்தது: செடி, விதை ஏதும் யாராவது வைத்திருக்கிறீர்களா? சிஸ்ஸிங்ஹர்ஸ்ட்டில் வாங்கிய விதைப் பொட்டலம் ஒன்று மூவார் அக்காவின் கைப்பையிலிருந்து தயங்கித் தயங்கி வெளியே வந்தது. அனுமதியில்லாமல் மலேசியாவுக்குள் விதை கொண்டுவர முடியாது. அதிலும் தென்னமெரிக்கச் செடி என்றால் கெடுபிடி மிக அதிகம். அங்கே ரப்பர் இலைகளைக் கருக்கும் ஒரு பூஞ்சை நோய் இருக்கிறது. ஹென்றி ஃபோர்டு பிரேசிலில் போட்ட பெருந்தோட்டத்தையே அது தின்று தீர்த்தது. விக்கம் இன்று அதே மூட்டையோடு வந்தால் செனாய் விமான நிலையத்தைத் தாண்ட மாட்டார்.