யார் சொன்னது?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பொழுது விடிந்ததும் தறிச்சத்தம் கிளம்பும். ஒரு வீட்டில் மட்டும் கீபோர்டு சத்தம். ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் தமிழ் விக்கிப்பீடியாவைத் திருத்திக்கொண்டிருப்பார்.

2003இல் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். யார் எழுதினாலும் இவர் வெட்டுவார். கோயில் யானைக்கு வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று தலைமுறை தலைமுறையாக வழக்காடிய ஊர்க்காரருக்கு, திருத்தங்களை விவாதிக்கும் பேச்சுப் பக்கத்துச் சண்டையெல்லாம் எம்மாத்திரம்!

பட்டுக்கடைப் பலகையில் ‘உலகப் புகழ்பெற்ற’ என்று கண்டால் அவர் கை துறுதுறுக்கும். பெண் பார்க்கப் போன இடத்தில், “பொண்ணு நல்லாப் பாடுவா” என்றார்கள்.

“யார் சொன்னது?”

“அவ அம்மாதான்.”

“அது சார்புள்ள மூலமாச்சே!”

அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

அடுத்த தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள், சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். கல்லூரியைப் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரை சோகை பிடித்துக் கிடப்பதாக அவருக்கு வருத்தம். ஓர் இரவு உட்கார்ந்து ஏற்றினார்: ‘தலைசிறந்த’, ‘ஈடு இணையற்ற’, ‘விடுதியில் அனைவரும் உடன்பிறவாச் சகோதரிகள்’. காலையில் ஒன்றும் இல்லை. ‘விளம்பரத் தொனி’ என்று ஒரு குறிப்பு மட்டும் இருந்தது. நேரே வீட்டுக்கே வந்துவிட்டார்.

“சார், மூணு வருஷம் அந்த ஹாஸ்டல்ல இருந்திருக்கேன். எனக்குத் தெரியாதா?”

“அதாம்மா சிக்கலே. நீ அங்க இருந்துட்டே.”

வெட்டியது போக மிஞ்சியவை: 1915இல் தொடக்கம், 41 மாணவியர், 7 ஆசிரியர்கள், சேர்ந்து நடத்தியவை 12 மிஷன் சங்கங்கள், முதல் முதல்வர் எலினார் மெக்டூகல், மறு ஆண்டே டவ்டன் மாளிகைக்குக் குடிபெயர்ப்பு. ராணி மேரி கல்லூரி வந்து ஒரே ஆண்டு ஆகியிருந்த மதராசில், வெவ்வேறு ஊர், மொழி, சாதிப் பெண்கள் ஒரே கூரையின் கீழ் தங்கிப் படித்ததென்றால் சும்மாவா? விடுதிதான் அங்கே பாதிக் கல்லூரி. ஆனால் நள்ளிரவில் சீனியர் அக்கா போட்டுக் கொடுத்த காபிக்கு யார் அடிக்குறிப்பு தருவார்கள்?

மருமகள் விடவில்லை. ஆலிஸ் வான் டோரன் 1922இல் எழுதிய ஆங்கிலப் புத்தகத்தை இணையத்தில் பிடித்தார். கல்லூரியின் குறிக்கோள் வாசகமே அதன் தலைப்பு. மாணவியர் வாழ்க்கையும் உள்ளே உண்டு. வாத்தியார் முகம் மலர்ந்தது. ஆண்டு இருக்கிறது, பக்க எண் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? அமெரிக்க மிஷன் ஆதரவாளர்கள் படிப்பதற்காக எழுதப்பட்ட அந்தப் புத்தகமும் புகழ்பாடும் ரகம்தான். ஆனால் நூறு வருஷத்துப் புகழ்ச்சி வரலாறாகிவிடுகிறது. நேற்றைய புகழ்ச்சிதான் விளம்பரம்.

“‘என்கிறார் வான் டோரன்’னு சேர்த்துப் போட்டுடும்மா. பழி அந்த அம்மாவோட போகட்டும்.”

மருமகளுக்கு இப்போது கை நன்றாகப் பழகிவிட்டது. போன வாரம் காஞ்சிபுரம் ஆண்டர்சன் பள்ளியைப் பற்றி வாத்தியார் ஆசை ஆசையாக எழுதியதில் ‘பாரம்பரியமிக்க’, ‘ஒழுக்கத்துக்குப் பெயர்போன’ இரண்டையும் நீக்கி, ‘சான்று தேவை’ என்று போட்டுவிட்டார். பேச்சுப் பக்கத்தில் வாத்தியார் பொங்கியிருக்கிறார்:

“நான் அங்கே படித்தவன். எனக்குத் தெரியாதா?”