குறுக்கால போறவர்

மலைப்பாதையில் வளைவு வளைவாக மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். தலைக்கு மேலே சரசரவென்று சத்தம் கேட்டு, நாலு கல் உருண்டு வந்து காலடியில் விழுகிறது. பயப்பட வேண்டாம். காட்டெருமை என்றால் ஒழுங்காகப் பாதையில் வரும். சரிவில் வருகிறவர் நம்மவர்.

நம்மவருக்கு நாற்பத்தைந்து வயது சொச்சம் இருக்கும். காலில் விலையைக் கேட்காமலே சொல்லிவிடும் ஷூ, கையில் மடக்குக் கோல், பட்டப்பகலில் நெற்றியில் டார்ச். மலையேறும் வாட்ஸ்அப் குழுவுக்கு அவர்தான் அட்மின். ஊரில் இருக்கும்போது சிவப்பு விளக்கு விழுந்தால் பெட்ரோல் பங்க் வழியாகப் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வருகிறவர். கோயிலில் வரிசை நீண்டிருந்தால் அவருக்குத் தெரிந்த குருக்கள் ஒருவர் எங்கிருந்தோ முளைப்பார். மலைக்கு வந்தால் மட்டும் மனிதர் மாறிவிடுவாரா என்ன?

அவருடைய முழுத் திறமையையும் பார்க்க, போடிக்கு அந்தப் பக்கம் குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறுகிற பாதைக்குப் போக வேண்டும். ஒரு காலத்தில் மூணாறு தேயிலையெல்லாம் குட்டி ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு நேராக இறங்கியது. ரயிலை 1924 வெள்ளம் கொண்டுபோனது. கம்பிவடமும் பின்னாளில் போய்விட்டது. நேர்க்கோட்டில் இறங்கும் உரிமை மட்டும் தேயிலைப் பெட்டிக்குப் பிறகு தன் பேருக்குத்தான் பட்டா மாறியிருக்கிறது என்பது நம்மவரின் நம்பிக்கை.

“ஏம்பா, இந்தப் பாதை எதுக்கு இப்படிச் சுத்திச் சுத்திப் போகுது?”

“ஏற லேசா இருக்கும் சார்” என்கிறான் வழிகாட்டிப் பையன். மலையிலேயே பிறந்து வளர்ந்தவன். பாதி பதிலோடு நிறுத்திக்கொள்கிறான். மீதியைச் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்?

மீதி என்னவென்றால், மலையில் பாதை போடுகிறவர்கள் யானைக்குப் பயப்படுவதைவிடத் தண்ணீருக்கே அதிகம் பயப்படுவார்கள். மழை பெய்தால் தண்ணீரும் நம்மவரைப் போலத்தான், இருப்பதிலேயே குறுகிய வழியைத் தேடும். பாதை செங்குத்தாக இருந்தால் அதையே வாய்க்காலாக்கிக்கொண்டு மண்ணை அள்ளிக்கொண்டு ஓடும். அதனால்தான் சரிவுக்குக் குறுக்கே, ஏற்றம் தெரியாமல், பள்ளத்துப் பக்கம் லேசாகச் சாய்த்துப் பாதை வெட்டுகிறார்கள். வந்த தண்ணீர் அங்கங்கே இறங்கிப் போய்விடும். நடுநடுவே கல்லைச் சாய்வாகப் பதித்து, மீறி ஓடும் தண்ணீரையும் வெளியே திருப்பிவிடுவார்கள்.

இரண்டு வளைவுக்கு நடுவே நம்மவர் நேராக இறங்குகிறார். அவர் போன தடம் பார்த்துப் பின்னால் எட்டுப் பேர். புல் சாகிறது, மண் இறுகுகிறது, வெள்ளையாக ஒரு கோடு விழுகிறது. கோட்டைப் பார்த்தவர்கள் அதுதான் வழி என்று நினைத்து இறங்குகிறார்கள். ஐப்பசி மழையும் அப்படியே நினைக்கிறது.

“நாலு பேரு நடந்தா மலையா கரைஞ்சிடும்?”

“மலை கரையாது சார். மண்ணுதான்.”

இதற்குள் நம்மவர் அந்தச் சாய்வுக் கற்களில் ஒன்றில் இடித்துக்கொள்கிறார். “எவன்யா நடுப்பாதையில கல்லைப் போட்டது?” என்று கத்திவிட்டு, பின்னால் வருகிறவர்களும் இடித்துக்கொள்ளக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில், இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கல்லை நெம்பிப் பள்ளத்தில் உருட்டிவிடுகிறார். குழு கைதட்டுகிறது. மழைக்குப் பிறகு கடப்பாறையோடு வந்து, பாதையை மூடிய உண்ணிச்செடியை வெட்டி, கல்லைத் திரும்பத் தேடிப் பதிக்கப்போகும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கைதட்டல் கேட்காது.

சேறு வந்தால் நடுவே போக மாட்டார், ஷூ இருக்கிறதல்லவா? ஓரமாகப் போவார். ஓரமும் சேறான பிறகு அடுத்தவர் அதற்கும் ஓரமாகப் போவார். ஒற்றையடிப் பாதை லாரி போகிற அகலத்துக்கு வந்துவிடுவது இப்படித்தான். ஆரஞ்சுத் தோலை வீசுவதற்கும் அவரிடம் விஞ்ஞானம் உண்டு: “இயற்கைதானே, மக்கிடும்.” மக்கும்தான். அதுவரை குரங்கு சும்மா இருக்குமா? அடுத்த குழுவின் பையைத் திறந்து பார்க்கும்.

அனுமதி விஷயத்தில் அவருக்கு அரசாங்கத்தோடு தீராத மனத்தாங்கல். 2024-இல் தமிழக அரசு நாற்பது மலையேற்றப் பாதைகளை இணையத்தில் பதிவு செய்து போகும்படி திறந்தபோது, “நடக்கிறதுக்குமா காசு?” என்று குழுவில் பதினொரு குரல் பதிவு போட்டார். இதே மனிதர் ஜிம்மில் ஓடுகிற பட்டையின் மேல் நடக்க மாதாமாதம் பணம் கட்டுகிறார். கோடையில் தீ அபாயத்துக்காகப் பாதையை மூடினால் அதற்கும் ஒரு பதிவு உண்டு. 2018 மார்ச்சில் இதே குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேற வந்தவர்கள் இறந்ததை யாராவது நினைவுபடுத்தினால் மட்டும் பேசாமல் இருப்பார். அந்த அளவுக்கு மனசாட்சி உள்ளவர்தான், குறை சொல்லக் கூடாது.

சமூக சேவையும் செய்வார். தூய்மைப் பணி நாளன்று முதல் ஆளாக டீ-ஷர்ட் வாங்கிக்கொள்வார். சாக்கைத் தூக்கிப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்வார். பிறகு சாக்கு கைமாறிவிடும். மாலையில் எல்லோரும் குப்பையைத் தரம் பிரிக்கும்போது அவர் டீக்கடையில் உட்கார்ந்து, கம்பிவடக் காலத்தைப் பற்றி நேரில் பார்த்தவர் போல விளக்கிக்கொண்டிருப்பார். கடைக்காரர் அந்த மலைக்காரர். மறுப்புச் சொல்லாமல் வடையை நீட்டுவார்.

அடுத்த பருவத்தில் நம்மவர் திரும்ப வந்தார். அவருடைய வெள்ளைக் கோடு இடுப்பளவு ஓடையாகிக் கிடந்தது. இறங்கப் போனவர் சறுக்கி உட்கார்ந்தார். கோபம் வந்ததே பாருங்கள்! “பராமரிப்புன்னு ஒண்ணு இருக்கா இந்த நாட்டுல?” படம் எடுத்தார். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போய் ஆட்சியரிடம் மனுவே கொடுத்துவிட்டார். மனு சுருக்கமானது: மூன்றாம் வளைவிலிருந்து நான்காம் வளைவுக்கு நேராக இறங்கும் பாரம்பரியப் பாதை கவனிப்பாரற்றுச் சிதைந்து கிடக்கிறது. பொதுமக்கள் நலன் கருதி அதைச் சீரமைத்து, படிக்கட்டும் கைப்பிடிக் கம்பியும் அமைத்துத் தர வேண்டும்.