முன்கம்பியா, உட்கம்பியா?

கேள்வி: மூத்தவளுக்கு மிதப்பல். வெளியே தெரியாமல் பல்லின் உட்புறத்தில் கம்பி போடலாம் என்கிறார்கள். முன்புறக் கம்பிக்கு நிகராகப் பலன் தருமா? — ஒரு தாய், மானிப்பாய்

பதில்: பல்லுக்குக் கண் கிடையாது, ஆதலால் தன்னைத் தள்ளுகிற கம்பி முகத்துக்கு நேரே நிற்கிறதா, முதுகுப்புறத்தில் ஒளிந்திருக்கிறதா என்று அது விசாரிப்பதில்லை. விசை அளவோடு விழுந்தால், வேரைச் சூழ்ந்த எலும்பு ஒருபக்கம் கரைந்து மறுபக்கம் வளர, பல் தானே நகரும். இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளும், கைதேர்ந்த வைத்தியரிடத்தில் முடிவிலே பெரிய வித்தியாசமில்லை என்றே கூறுகின்றன.

பேதமெல்லாம் இடைக்காலத்து அவஸ்தையில்தான். முன்கம்பி உதட்டையும் கன்னத்தையும் உரசும். உட்கம்பி நாவோடு மல்லுக்கு நிற்கும். 1970களில் ஜப்பானியப் பேராசிரியர் ஃபுஜிதா உட்கம்பியை உருவாக்கியபோது, சண்டைக்கலை பயில்வோரின் உதடு கிழியாதிருக்க வேண்டுமென்பதும் ஒரு நோக்கமாயிருந்தது. உதட்டைக் காக்கப்போய் நாக்கைக் காட்டிக்கொடுத்தது விநோதந்தான். முதற்சில வாரங்கள் சகரமும் தகரமும் குழைந்து, இடியப்பத்துக்குச் சொதி கேட்கிற பிள்ளை வேறெதையோ கேட்பதாகத் தோன்றும். பல்லின் முகப்பில் வெண்புள்ளி விழும் அபாயம் உட்கம்பியில் குறைவு, செலவோ கூட. புழுக்கொடியல் இரண்டுக்கும் விலக்கு. ஒடியற்கூழ் தாராளமாகக் குடிக்கலாம், அதற்குள் கிடக்கும் நண்டுக்காலை மட்டும் தாயாராகிய தாங்கள் எடுத்துக்கொள்க.

உட்கம்பியோடு பெண்பார்க்கும் சடங்கை வைத்துவிடாதீர்கள்: நாக்குப் புண்ணால் வந்த மௌனத்தை அடக்கமென்று மாப்பிள்ளை வீட்டார் கணக்கெழுதிவிட்டால், கம்பி கழன்ற பிறகு பதில் சொல்லவேண்டியவர் தாங்கள்தாம்.