மூணு ராத்திரியா, ஏழு ராத்திரியா மாப்ளே?

வாங்க மாப்ளே, உக்காருங்க. குடும்பத்தோட சிங்கப்பூர் போயி கப்பல் ஏறப் போறீகளாம். மூணு ராத்திரி எடுக்கவா, ஏழு ராத்திரி எடுக்கவான்னு ஏஜென்ட்டைக் கேட்டீக, கூட்டாளிகளைக் கேட்டீக, இப்ப மாமனாரைக் கேக்குறீக. வீட்டுல எம் மகளை மட்டும் கேக்கல. இருக்கட்டும். எம் மூத்தவன் சிங்கப்பூர்ல இருந்து என்னையும் ஒருக்கா ஏத்திவிட்டதுல எனக்கும் கொஞ்சம் தெரியும்.

மொதல்ல அந்த நோட்டீஸைக் கீழ வைங்க. ‘3 இரவு, 4 பகல்’னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். நாலு பகல் எங்க இருக்கு, காட்டுங்க பார்ப்போம். மொத நாள் துறைமுகத்துல வரிசை, பாஸ்போர்ட், சோதனை. ஏறி முடிக்க மதியம் ஆயிரும். ஏறுனதும் சோத்தைத் தேடி ஓடுவீக. அப்புறம், ஆபத்துன்னா எங்க வந்து கூடணும், லைஃப் ஜாக்கெட்டை எப்படி மாட்டணும்னு ஒரு பாடம். 2012-ல இத்தாலியில கோஸ்டா கன்கோர்டியா கவுந்துச்சுல்ல, அதுல இருந்து கப்பல் கிளம்பும்போதே இதை முடிச்சாகணும்னு சட்டமாக்கிட்டாக. பெட்டி உங்க ரூம் வாசலுக்கு வந்து சேர பொழுது சாஞ்சிரும். பிள்ளை நீச்சல் குளத்துக்கு முன்னால அழுதுக்கிட்டு நிக்கும், நீச்சல் உடுப்பு பெட்டிக்குள்ள இருக்கும். அதைக் கைப்பையில வைங்கன்னு எந்த நோட்டீஸும் சொல்லாது, நான் சொல்றேன்.

கடைசி நாளும் அதே கூத்துதான். முந்தின ராத்திரியே பெட்டியில சீட்டு மாட்டி வெளிய வச்சிரணும். நம்ம ஊர்க்காரர் ஒருத்தர், பேர் வேண்டாம், மறுநாள் போட வேண்டிய பேன்ட்டையும் சேர்த்து மடிச்சு வச்சிட்டாரு. காலையில பெர்முடாஸோட வந்து இமிக்ரேஷன் வரிசையில நின்னாரு. எனக்கு அந்தக் கவலை இல்ல, எப்பவும் வேட்டிதான்.

ஆக, ராத்திரியை எண்ணாதீக, முழுப் பகலை எண்ணுங்க. ரெண்டு ராத்திரின்னா ஒரு பகல். மூணுன்னா ரெண்டு. ஏழுன்னா ஆறு. மூணை விட்டு ஏழுக்குப் போனா ராத்திரி ரெண்டரை மடங்குகூட ஆகல, முழுப் பகல் மூணு மடங்கு ஆகுது பாருங்க.

அதுக்காக ஏழையே போட்டுறாதீக, பொறுங்க. விமானக் கட்டணம், சிங்கப்பூர் விசா, ஏறுறதுக்கு முந்தின நாள் லாட்ஜ் எல்லாம் ரெண்டுக்கும் ஒரே செலவுதான். அதை மூணு ராத்திரி மேல ஏத்துனா வலிக்கும், ஏழு மேல பரப்புனா அவ்வளவா தெரியாது. ஆனா டிப்ஸ்னு ஒண்ணு இருக்கு. அது தலைக்கு இவ்வளவு, ராத்திரிக்கு இவ்வளவு. பல கப்பல்ல பிள்ளைகளுக்கும் உண்டு. நாலு பேரு, ஏழு ராத்திரின்னா 28 டிப்ஸ். வைஃபைக்கும் நாள் கணக்குல காசு. பொங்கலுக்குப் படியளக்கவே மூணு தடவை யோசிக்கிற கை உங்க கை, சொல்லி வைக்கிறேன்.

அடுத்தது எந்தக் கரைன்னு பாருங்க. சின்னப் பயணம்னா பெரும்பாலும் மலாக்கா நீரிணையிலதான் சுத்தும்: போர்ட் கிளாங், பினாங்கு, புகெட். போர்ட் கிளாங்ல இறங்கி கோலாலம்பூர் போக ஒரு மணி நேரத்துக்கு மேல பஸ்ஸு. பினாங்குன்னா தேவலை. துறைமுகத்துல இருந்து நடந்தே லிட்டில் இந்தியா போயிரலாம். அங்க குயின் தெருவுல 1833-ல கட்டுன மாரியம்மன் கோயில் இருக்கு. எங்க அக்கா, அதான் உங்க அம்மா, அங்க போயிட்டா கப்பலையே மறந்திரும். புகெட்ல படோங் கரைப்பக்கம் நிறுத்துனா கப்பல் தள்ளித்தான் நிக்கும், சின்னப் படகுல இறக்கிக் கொண்டு போவாக. அக்காவுக்கு முட்டு வலி, அதையும் கணக்குல வைங்க. ஏழு ராத்திரியில வியட்நாம் வந்துச்சுன்னா அதுக்குத் தனி விசா. கரை கூடக்கூட காகிதமும் கூடும். சிங்கப்பூர் விசா ரெண்டாந்தரமும் உள்ள விடுமான்னு பார்த்துக்கங்க. கப்பல் போயிட்டுத் திரும்புறதும் புதுசா நுழையுறதுதான்.

சென்னையில ஏறுனா ஆகாதான்னு கேப்பீக. ஆகும். 2022 ஜூன்ல முதலமைச்சர் கொடியசைச்சு அனுப்பி வச்ச கார்டீலியா ‘எம்பிரஸ்’ இருக்கே, அது 1990-ல, மியாமியில இருந்து போற மூணு நாலு ராத்திரி ஓட்டத்துக்குன்னே கட்டுன கப்பல். இங்க வந்தும் ரெண்டு ராத்திரியில நடுக்கடல் வரைக்கும் போயிட்டுத் திரும்புச்சு. அஞ்சு ராத்திரி போட்டவுகளுக்கு விசாகப்பட்டினமும் புதுச்சேரியும்னு சொன்னாக. புதுச்சேரியில, கப்பல்ல சூதாட்டம் இருக்குன்னு அப்ப உள்ள விடல. நோட்டீஸ்ல போட்ட ஊர் எல்லாத்துலயும் இறங்கிருவோம்னு நம்பி நாளைக் கூட்டாதீக.

உடம்பு சங்கதி ஒண்ணு. தலைசுத்தல் வந்தா, கடலுக்குப் பழக ரெண்டு மூணு நாள் பிடிக்கும். மூணு ராத்திரிக்காரன் பழகுன அன்னைக்கே பெட்டியைத் தூக்கணும். நடுவுல, கீழ்த்தட்டுல ரூம் எடுத்தா ஆட்டம் கம்மி. பால்கனி வேணும்னு மேல போயி முனையில படுத்துக்கிட்டு என்னைத் திட்டாதீக. உங்க தங்கச்சி முழுகாம இருக்குன்னு கேள்வி. நல்ல சேதி. அதையும் கூட்டிக்கிட்டுப் போறதா இருந்தா ஒண்ணு: பல கப்பல்ல பயணம் முடியிற நாளைக்கு 24 வாரம் ஆயிரும்னா ஏத்த மாட்டாக. ஏறுற நாளை வச்சுக் கணக்குப் போட்டு ஏமாந்திராதீக.

இவ்வளவும் சில்லறை விசயம். பெரிய விசயம் ரூம்தான். சாதா ரூம்னா 150, 170 சதுர அடி. நாலு பேருன்னா ரெண்டு பேருக்குக் கட்டில், ரெண்டு பேருக்குச் சுவத்துல இருந்தோ கூரையில இருந்தோ இறக்குற படுக்கை, ஏற ஒரு ஏணி. குளியலறைக்குள்ள, கூட்டமான டவுன் பஸ்ல நிக்கிற மாதிரி முழங்கையை ஒடுக்கிக்கிட்டுத்தான் நிக்கணும். குளிக்கிற இடத்துத் திரை முதுகுலயே ஒட்டும். அந்த ரூமுக்குள்ள எங்க அக்காவும் எம் மகளும். ஒருத்தி உங்களைப் பெத்தவ, ஒருத்தி உங்களைக் கட்டுனவ. நான் ரெண்டு பக்கமும் வேண்டியவன், அதனால வாயைத் திறக்க மாட்டேன்.

விருந்தும் மருந்தும் மூணு நாள்னு பெரியவுக சொன்னது இதுக்குத்தான். முழு நாள்ல ஒண்ணு பவிசு காட்டப் போயிரும். ரெண்டாவது நாள் சிரிப்பாக. மூணாவது நாள் ‘இவுக ஏன் இப்படி?’ன்னு ஒருத்தி கேப்பா. அப்ப நிலத்துல இருந்தா தோட்டத்துப் பக்கம் நழுவிரலாம். கடல்ல எங்க போவீக?

அதனால முதல் தரம் மூணு ராத்திரியே போதும், பினாங்கு வர்றதாப் பாருங்க. பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் அதிகம் போகாது. நல்லா இருந்துச்சுன்னா அடுத்த தரம் ஏழு. அப்ப விமானச் செலவு மறுபடி ஆகும்னு முணுமுணுக்காதீக. ஏழு நாள் சேர்ந்து தாங்குவீகளான்னு தெரிஞ்சுக்கிறதுக்கு அது ஒண்ணும் பெரிய விலை இல்ல. இல்ல, இப்பவே ஏழுதான்னு அடம்பிடிச்சா ரெண்டு ரூமா எடுங்க. அக்காவுக்குத் துணைக்கு யாராச்சும் படுக்கணும்ல, தம்பி நான் ஒருத்தன் இருக்கேன். பாஸ்போர்ட்டு பீரோவுல தயாரா இருக்கு.