கொல்லைப்புறப் பாட்டியியல்: ஒரு முன்னாய்வு

இங்கிலாந்தில் வயதான பாட்டியை எங்கே குடிவைப்பது என்னும் வினா எளிதன்று. பிள்ளை வீட்டில் வைக்கலாமெனில், அந்நாட்டு வீடுகளில் படுக்கையறையும் குளியலறையும் பெரும்பாலும் மாடியில். பாட்டிக்கோ முழங்கால் வலி. முதியோர் இல்லமெனில், அதன் கட்டணம் வீட்டையே விழுங்கும். ஆகவே பின்தோட்டத்தில் அடுப்பு, படுக்கை, குளியலறையோடு ஒரு தனிக்குடில் அமைப்பதே தகும் என ஆன்றோர் துணிந்தனர். அது 'கிரானி அனெக்ஸ்' எனப்படும். அதைக் கட்ட அனுமதி வேண்டுமா என்பதே நம் ஆய்வுப்பொருள்.

இதற்கு மூலநூல், 2015ஆம் ஆண்டுப் பொது அனுமதி ஆணை, இரண்டாம் அட்டவணை, முதற்பகுதி, 'ஈ' வகுப்பு. நூலாசிரியர் தாராள மனத்தர். தரைத்தளம் மட்டும், கூரைவிளிம்பு 2.5 மீட்டர், இருபுறம் சரிந்த கூரையானால் உச்சி 4 மீட்டர், எல்லைக்கு 2 மீட்டருக்குள் வந்தால் மொத்த உயரமே 2.5 மீட்டர், வீட்டைச் சுற்றியுள்ள மனையில் பாதிக்கு மேல் அடைக்கலாகாது. புறனடைகள் வேறு உள, விரிப்பின் பெருகும். இவற்றுக்கு அடங்கினால், வீட்டாரின் அனுபோகத்துக்குத் துணையாக எதையும் விண்ணப்பமின்றிக் கட்டிக்கொள்ளலாம். துணையாவது யாது என்று மாணாக்கர் கேட்பர் என உணர்ந்து நூலே விடையும் கூறுகிறது: கோழி, தேனீ, வளர்ப்பு விலங்கு, பறவை, பிற கால்நடை ஆகியவற்றை வளர்ப்பதும் அதில் அடங்கும். பாட்டி இப்பட்டியலில் இல்லை.

இது ஏடெழுதினோர் பிழையன்று. படுக்கையறை, குளியலறை, சமையலறை போன்ற முதன்மை வாழிடம் துணைப்பயன் ஆகாது என்று அரசின் விளக்கக் குறிப்பே முடிந்த முடிபாகச் சொல்கிறது. வில்வித்தை, மட்பாண்டம், பில்லியர்ட்ஸ் இவற்றுக்கான கொல்லைக் கட்டடங்கள் பற்றிய வழக்கு 1989இல் உயர்நீதிமன்றம் வரை சென்றது. அளவை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது என்றது மன்றம். 44 நாய்களை வளர்த்த ஒருவர் வழக்கில்தான் நீதிபதிகளுக்குப் பொறுமை தீர்ந்தது. ஆக, பில்லியர்ட்ஸ் மேசைக்கும் கோழிக்கும் உள்ள உரிமை பெற்ற தாய்க்கு இல்லை என்பது பெற்றாம்.

சட்டம் கல்நெஞ்சுடையது என்று இதனால் கொள்ளற்க. கோழி இறந்தால் கூடு காலியாகும். பாட்டி இறந்தாலோ, அடுப்பும் கழிப்பறையும் கூடிய குடிலொன்று கொல்லையில் எஞ்சும். அடுத்த மாதமே அதற்கு வாடகை பேசப்படும். சட்டம் அஞ்சுவது பாட்டியை அன்று, பாட்டிக்குப் பின் வருபவரை. இவ்வச்சம் எத்தகையது என்பதற்கு ஸ்லவ் நகரமன்றம் சான்று: கொட்டகைகளில் ஆள் குடியிருப்பதைக் கண்டறிய, 2013இல் வெப்பம் உணரும் கருவியோடு விமானத்தையே பறக்கவிட்டது. மேலிருந்து பார்த்தால் பாட்டிக்கும் வாடகைக்காரருக்கும் சூடு ஒன்றே.

நுண்மாண் நுழைபுலத்தார் வேறு வழிகள் கண்டனர். ஏற்கெனவே நிற்கும் கொட்டகைக்குள் பாட்டியைக் குடியமர்த்தினால் என்ன? தனித்து வாழும் வசதி இருப்பதாலேயே ஓர் இடம் தனிவீடு ஆகிவிடாது என்கிறது அட்டில்ஸ்ஃபோர்டு வழக்குத் தீர்ப்பு. பாட்டி பெரியவீட்டுக் குடும்பத்தின் அங்கமாக இருந்தால் போதும். ஆயின் பாட்டிக்கென்றே புதிதாக எழுப்பிய கொட்டகை தப்பாது. அது கொஞ்சகாலமேனும் மெய்யாகவே பில்லியர்ட்ஸ் கூடமாய் இருந்திருக்க வேண்டும். இன்னொரு வழி, பாட்டியைக் கட்டடத்திலிருந்து வாகனத்துக்கு மாற்றுவது. 20 மீட்டர் நீளம், 6.8 மீட்டர் அகலம், உள்ளே 3.05 மீட்டர் உயரம் என்னும் வரம்புக்குள், இரண்டே துண்டுகளாய்க் கொண்டுவந்து பூட்டி, சாலைவழி கொண்டுசெல்ல இயல்வதாய் இருப்பது சட்டப்படி கேரவன்; கட்டடம் அன்று. அது ஒருநாளும் நகரவேண்டியதில்லை. நகரக்கூடியதாய் இருத்தலே அதன் இலக்கணம்.

நேர்வழியில் அனுமதி பெறுவோர்க்கு நிபந்தனை ஒன்று வரும்: குடில் பெரியவீட்டின் பகுதியாகவே இருக்கவேண்டும், தனியே விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. இதைப் பத்திரமாகக் கோப்பில் வைத்து நிமிர்வதற்குள், அதே குடிலைத் தனிவீடு எனக் கொண்டு வேறொரு அலுவலகம் தனி வரி விதிக்கும். 2014 ஏப்ரல் முதல் குடும்பத்தார் குடியிருந்தால் பாதி தள்ளுபடி; சார்ந்துவாழும் உறவினர் 65 வயதைக் கடந்தவராயின் முழு விலக்கு. அவ்வயதை இன்னும் எட்டாத மாமியாருக்குக் கட்டுவோர் கலங்கவேண்டா. விண்ணப்பத்தை முடிக்கச் சட்டம் தரும் கெடு 8 வாரமே எனினும், பக்கத்துவீட்டாரின் ஆட்சேபக் கடிதங்கள் அவருக்கு வேண்டிய வயதைச் சேர்த்துத் தரும்.