கார்பன் கணக்கு எழுதாத துரைமார்

கப்பல் புகையைக் குறைக்க உலகமே கூட்டணி கட்டிக்கொண்டிருக்கிறது. பொருள் செய்கிற கம்பெனி இந்தப் பக்கம், சரக்கு ஏற்றுகிற கம்பெனி அந்தப் பக்கம், நடுவில் மேஜை, மேஜைமேல் வறுத்த முந்திரி. 2021-இல் அமேசான், ஐகியா, யூனிலீவர் வகையறாக்கள் ஒன்றுகூடி, 2040-க்குள் எங்கள் சரக்கைப் புகைவிடாத கப்பலில்தான் ஏற்றுவோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். உலகம் வெளியேற்றும் வெப்ப வாயுவில் ஏறக்குறைய 3 சதவீதம் கப்பல்களுடையது என்பதால் நல்ல காரியம்தான். ஆனால் தேனி மாவட்டத்துத் தேவாரம், போடி பக்கத்துக்காரர்களுக்குச் சிரிப்பு வரும். இந்தக் கூட்டணியை எங்கள் மலையில் நூறு வருடத்துக்கு முன்பே கட்டி, ஓட்டி, வெள்ளத்தில் விட்டும் ஆயிற்று. முந்திரிச் செலவுகூட இல்லை.

1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற துரை பூஞ்ஞாறு ராஜாவிடம் மூணாறுப் பக்கம் 227 சதுர மைல் மலையைக் குத்தகைக்கு வாங்கினார். வருடக் குத்தகை 3,000 ரூபாய். சீசனில் மூணாறில் ஒரு ராத்திரி நல்ல ரூம் போட இன்றைக்கு அந்தப் பணம் பத்தாது. 1897-இல் ஸ்காட்லாந்தின் ஃபின்லே குழுமம் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனியைத் தொடங்கியது. தேயிலை அமோகமாக விளைந்தது. விளைந்தது மலை உச்சியில், குடிக்கிறவன் லண்டனில், கப்பல் தூத்துக்குடியில். நடுவில் மேற்குத்தொடர்ச்சி மலை எந்தக் கம்பெனிக்கும் வழிவிடாமல் படுத்துக் கிடந்தது.

1902-இல் துரைமார் போட்டார்கள் பாருங்கள் ஒரு ரயில்! தண்டவாளம் ஒன்றே ஒன்று. இரண்டு போட்டால் இரும்புச் செலவு இரட்டிப்பாகுமே. யூயிங் முறை என்று அதற்குப் பெயர். பாரத்தில் பெரும்பகுதி அந்த ஒற்றைத் தண்டவாளத்தில் உருளும். பெட்டி சாய்ந்துவிடாமல் பக்கத்தில் ஒரு சக்கரம் தரையில் ஓடும். இஞ்சின்? நம் மாடுதான். மோனோ ரயில் விடப்போகிறோம் என்று சென்னையில் வருடக்கணக்காக அறிக்கை மட்டும் விட்டுக்கொண்டிருந்தபோது, மூணாறை ஒட்டிய குண்டளைப் பள்ளத்தாக்கில் நூற்றாண்டுக்கு முன்பே மாடு மோனோ ரயில் ஓட்டிவிட்டுச் சாணியும் போட்டிருந்தது. எரிபொருள் புல், கழிவு எரு. மாட்டு ஏப்பத்தில் மீத்தேன் இருக்கிறதே என்று விஞ்ஞானி கேட்கலாம். கேட்கட்டும், அந்த மாடு சும்மா நின்றிருந்தாலும் ஏப்பம் விட்டிருக்கும்.

1908-இல் கம்பெனிக்குப் பவிசு கூடி, மாட்டுக்கு ஓய்வு கொடுத்து, இரண்டடி அகலத் தண்டவாளத்தில் நீராவி இஞ்சினை விட்டார்கள். சுத்தக் கணக்கில் விழுந்த முதல் கரி அதுதான்.

ரயில் போய் முட்டி நின்ற இடம் டாப் ஸ்டேஷன். அதற்கப்பால் பாதாளம். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பியில் தொங்கிக்கொண்டு 5 கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறங்கின. ரோப்வேயின் குணம் அலாதியானது: இறங்குகிற பாரம் ஏறுகிற பாரத்துக்குக் கைகொடுக்கும். கீழே தேயிலை வர, மேலே தோட்டத்து ஆட்களுக்கு அரிசி போனது. லாரிக்காரர்கள் ரிட்டன் லோடு என்று தவம் கிடப்பார்களே, அது இங்கே கம்பியிலேயே அமைந்துவிட்டது. கொட்டகுடியிலிருந்து போடிக்கு 15 கிலோமீட்டர் மாட்டு வண்டி. அப்புறம் சமவெளி, ரயில், துறைமுகம், கப்பல். கப்பலில் ஏறிய பிறகுதான் தேயிலைக்கு முழுசாகக் கரிப்புகை பட்டது.

இதற்காகத் துரைமாருக்கு மாலை போட வேண்டாம். பூமியைக் காப்பது அவர்கள் உத்தேசமே இல்லை, காசைக் காத்தார்கள். சோலைக்காட்டை வெட்டிச் சாய்த்துத்தான் அத்தனை தேயிலையும் நட்டார்கள். வெட்டிய காட்டைக் கணக்கில் எழுதினால், மாடும் கம்பியும் சேர்த்துவைத்த புண்ணியமெல்லாம் முதல் பக்கத்திலேயே தீர்ந்துபோகும். இப்போதைய கம்பெனி அறிக்கைகளும் கப்பலைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதிவிட்டுக் காட்டுக்கு வரும்போது எழுத்தைப் பொடியாக்கிவிடுகின்றன.

1924 ஜூலையில் பெருவெள்ளம் வந்தது. ரயில் பாதை அடியோடு போயிற்று. கம்பெனி மறுபடி போடவில்லை. நான்கு வருடம் கழித்து, 1928-இல், மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்து சேர்ந்தது. மேலே ரயில் இருந்தபோது கீழே இல்லை. கீழே வந்தபோது மேலே இல்லை. போடி ரயிலுக்கும் ஓரிடத்தில் தரிக்கிற ஜாதகம் இல்லை. இரண்டாம் உலகப்போரில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஐம்பதுகளில் திரும்பப் போட்டார்கள். அகலப்பாதை ஆக்குகிறோம் என்று 2010 கடைசியில் நிறுத்தினார்கள். 2023 ஜூன் 15-இல் மறுபடி வந்தது. இதற்குள் ஏலக்காய் மூட்டை பெரும்பாலும் லாரிக்கே பழகிவிட்டது.

ஏலக்காயின் யாத்திரை தனிக்கதை. காய்ப்பது இடுக்கி மலையில். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் மேலே புற்றடியிலும் உண்டு, கீழே போடியிலும் உண்டு. ஏலத்தில் வாங்கிய காயையே மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவரும் ரீபூலிங் என்ற வழக்கம் வேறு. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் சில காய்கள் டிரைவரைவிட நன்றாக அறிந்திருக்கும். பாயசத்தில் விழுமுன் அவை குடித்த டீசலை எந்தக் கம்பெனி எந்தக் கணக்கில் எழுதுகிறதோ.

தேவாரத்தைக் கேட்கவே வேண்டாம். பாடல் பெற்ற தலங்கள் பல உண்டு. இது வாக்குறுதி பெற்ற தலம். எதிரே நிற்கிற மலையில் சாக்கலூத்து மெட்டு வழியாக ஏறினால் ஏலத்தோட்டம். அங்கே சாலை வரும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். வனத்துறை கூடாது என்கிறது. வனத்துறை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, சாலை போட்டால் அது சாலையோடு நிற்பதில்லை. தோட்ட வேலைக்குப் போகிற ஜீப்புகளோ போடிமெட்டையோ கம்பம் மெட்டையோ சுற்றுகின்றன. கம்பி போட்டுச் சரக்கு இறக்கலாம் என்ற பழைய யோசனை மட்டும் எந்த மனுவிலும் தலைகாட்டக் காணோம்.

டாப் ஸ்டேஷன் இன்றும் தேனி மாவட்டம்தான். துரையின் தேயிலை 5 கிலோமீட்டர் கம்பியில் கீழே இறங்கி வந்த அந்த உச்சிக்கு, போடிக்காரர் வண்டியில் போவதென்றால் கேரளத்துக்குள் நுழைந்து மூணாறைச் சுற்றி நூறு கிலோமீட்டர் அளவுக்கு ஓட வேண்டும். நடுமலையில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்றே ஒரு குக்கிராமம் இருக்கிறது, ரயிலுமில்லை, டிக்கெட்டுமில்லை. இந்தப் பக்கத்து மலைக்கிராமங்களுக்குத் தேர்தல் சமயத்தில் வாக்குப்பதிவு இயந்திரம் குதிரையில் ஏறிப் போனதுண்டு. சாலை போடுவோம் என்று வாக்குறுதி கொடுத்தவர்களுக்கு விழுந்த ஓட்டும் அதே குதிரையில்தான் இறங்கி வந்தது.