பண்டார் பாரு முக்குளிப்பியல்: மச்சான் கோட்பாட்டை முன்வைத்து ஒரு தொடக்கநிலை ஆய்வு

முன்னுரை

கடாரத்தைப் பற்றி எழுதியது போதும். இராசேந்திர சோழன் 1025 வாக்கில் கலம் பல செலுத்திக் கடாரம் கொண்டான் என்பதை அவனுடைய மெய்க்கீர்த்தி ஒருமுறை சொன்னது. மற்ற எல்லா முறையும் நாம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அந்தக் கலங்களில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், எத்தனை பேர் சைவம், கடைசி நேரத்தில் "மாமியாருக்கு உடம்பு சரியில்ல" என்று கழன்றுகொண்டவர்கள் யார் என்பதை முன்னாய்வாளர் எவரும் தொடவில்லை. கூட்டமாகக் கடலுக்குப் போவதைத் திட்டமிடுதல் என்னும் துறை தமிழில் இன்னும் கன்னி நிலமாகவே கிடக்கிறது. அந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். (இடைவெளி ஒன்றைக் காட்டாவிட்டால் ஆய்வரங்கில் தேத்தண்ணிகூடத் தரமாட்டார்கள்.)

முதன்மைச் சான்றுகள்: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு. துணைமைச் சான்றுகள்: அதே குழுவில் நீக்கப்பட்ட செய்திகள்.

களம்

அந்தக் கடாரமான இன்றைய கெடாவின் தென்கோடியில் இருக்கிறது பண்டார் பாரு. கிரியான் ஆற்றைத் தாண்டினால் பாரிட் புந்தார், அது பேராக். மேற்கே கொஞ்சம் நகர்ந்தால் நிபோங் திபால், அது பினாங்கு. பால்மரமும் செம்பனையுமாக இருந்த தோட்டங்களிலிருந்து வெளியே வந்த குடும்பங்கள் மூன்று மாநிலத்திலும் சிதறிக் குடியிருக்கின்றன. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனால் கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சனியும் ஞாயிறும். பாலத்தின் ஒரு முனையில் ஞாயிற்றுக்கிழமை பள்ளி மணி அடிக்கும்போது மறுமுனையில் சித்தி நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார்.

ஆக, கூட்டமாக முக்குளிக்கப் போக நினைத்த எங்கள் குடும்பத்துக்குப் பொதுவான விடுமுறை சனிக்கிழமை ஒன்றே. கடலுக்கடியில் போவதைச் சனிக்கிழமையில் வைப்பதா என்று அத்தை ஆட்சேபம் தெரிவித்தார். சனிப் பிணம் தனியாகப் போகாது என்ற பழமொழியை ஆதாரமாகக் காட்டினார் (அத்தை, குரல் பதிவு, 4 நிமிடம் 12 நொடி, முதல் மூன்று நிமிடம் மிக்ஸி ஓசை). இந்தத் தடைக்கு அறிவியல் முறையில் பதில் சொல்ல இயலவில்லை.

சொல்லாராய்ச்சி

திட்டமிட்ட இடம் முதலில் கரீபியன். அண்மையில் ஓர் ஆய்வரங்கில் நாற்பது நிமிடம் உட்கார்ந்து, உலகத்து ஊர்ப்பெயர்கள் தமிழிலிருந்து கிளம்பிப் போன வரலாற்றைக் கேட்டேன். அந்த முறையில் எனக்கும் பயிற்சி வந்துவிட்டது. கரை + இப்பி + அன் = கரையிப்பியன், அதாவது கரையில் சிப்பி பொறுக்குபவன்; மருவிக் கரீபியன். அங்கே வாழ்ந்த கரிப் மக்களின் பெயரிலிருந்து அந்தச் சொல் வந்தது என்று உலகம் சொல்கிறது. உலகம் தமிழ் படிக்காததால் வந்த வினை. முக்குளிப்புக் கருவியான ஸ்கூபா என்பது ஆங்கிலத்தில் ஐந்து சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த சுருக்கப்பெயர். அதையும் என்னால் தமிழாக்கிவிட முடியும். ஆனால் கட்டுரைத் தொகுப்பில் பக்கத்துக்கு இவ்வளவு வெள்ளி என்று கேட்கிறார்கள்.

இடத் தேர்வு

கரீபியனில் எந்தத் தீவு? குவாதலூப் என்றான் அக்கா மகன். காரணம் கேட்டதற்கு ஒரு காணொளியை அனுப்பினான். நான் கொஞ்சம் படித்துப் பார்த்தபோது, அவனை அறியாமலே சரியான தீவைக் காட்டியிருந்தான் என்று தெரிந்தது. 1854 கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் 'ஒரேலி' என்ற கப்பல் இந்தியக் கூலித் தொழிலாளர்களின் முதல் கூட்டத்தை அங்கே இறக்கியது. அதற்குப் பின் சுமார் முப்பத்தைந்து ஆண்டுகளில் 40,000க்கு மேற்பட்டோர் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் தமிழர் ஏராளம். வேலை, கரும்புத் தோட்டம். நிபோங் திபால் பக்கத்திலும் ரப்பர் வருவதற்கு முன்னால் கரும்புதான். வெட்டியதும் நம் ஆட்கள்தான். ஒரே துறைமுகக் கரையில் நின்ற இரண்டு அண்ணன் தம்பிகளில் ஒருவன் இந்தக் கப்பலிலும் மற்றவன் அந்தக் கப்பலிலும் ஏறியிருக்கலாம். அங்கே மாரியம்மன் 'மாலியெமென்' ஆகிவிட்டாள், மதுரை வீரன் 'மல்தெவிலின்' ஆகிவிட்டான். சாங்கி என்ற இடத்தில் கோயில் இருக்கிறது. மசாலாப் பொடிக்குக் 'கொலம்போ' என்று பெயர். இங்கே உண்மையான சொல்லாராய்ச்சிக்கு ஒரு தீவே காத்திருக்கிறது. ஆனால் அதற்குப் பிரெஞ்சு படிக்க வேண்டியிருப்பதால் அறிஞர்கள் கரையிலேயே சிப்பி பொறுக்குகிறார்கள்.

அந்தத் தீவின் மேற்குக் கரையோரம் புறாத் தீவுகள் என்று இரண்டு திட்டுகள். அந்தக் கடற்பகுதிக்குக் குஸ்தோவின் பெயர். 1943இல் எமில் கன்யான் என்ற பொறியாளரோடு சேர்ந்து, தண்ணீருக்கடியில் மூச்சுவிடும் கருவியைச் செய்த அதே குஸ்தோ. கடலடியில் அவருக்கு ஒரு சிலையும் வைத்திருக்கிறார்கள். "மாலை போட்டா நனைஞ்சிடாதா?" (அத்தை, எழுத்துச் செய்தி, பதில் இல்லை).

இன்னொரு வசதியையும் கண்டுபிடித்தேன். அந்த ஊர் நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி வித்தியாசம். முள் கடிகாரத்தைத் திருப்பவே வேண்டாம். 1982 தொடக்கத்தில் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியதால் கிடைத்த பாக்கியம் இது. அதற்கு முன் போயிருந்தால் பதினொன்றரை என்று கணக்குப் பார்த்துக் கஷ்டப்பட்டிருப்போம். அரசு அன்று எதற்காகச் செய்ததோ, எங்களுக்காக என்றே ஆய்வாளன் கருதுகிறான்.

செலவு: பினாங்கிலிருந்து பாரிஸ் வழியாக ஒரு தலைக்கு எவ்வளவு என்று அக்கா மகன் குழுவில் போட்டான். மூன்று நாள் யாரும் பேசவில்லை.

நான்காம் நாள், குழுவின் பெயர் 'குவாதலூப் முக்குளிப்போர்' என்பதிலிருந்து 'பாயார் தீவு' என்று மாறியிருந்தது. மாற்றியவர் யார் என்பது வாட்ஸ்அப்பிலேயே தெரியும். ஆனாலும் அதை அறிய முடியாத மர்மமாக வைத்திருப்பதே நாகரிகம்.

சில்லறை வகைகள்

பாயார்: லங்காவிக்குத் தெற்கே நான்கு தீவுகள்: பாயார், காச்சா, லெம்பு, செகாந்தாங். காச்சா என்றால் கண்ணாடி, லெம்பு என்றால் மாடு. மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

தூண்டில்: கடல் பூங்கா என்பதால் தீவைச் சுற்றி இரண்டு கடல் மைலுக்கு மீன்பிடிக்கத் தடை. சித்தப்பா தூண்டிலை வண்டியிலிருந்து இறக்கினார்.

நிதி: மாதாமாதம் ஆளுக்கு ஐம்பது வெள்ளி கூட்டு (சீட்டு) கட்டலாம் என்றார் சித்தி. கூட்டுக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. ஆகவே நாங்கள் கூட்டு கட்டவில்லை. ஒரே நாளில் ஒரே தொகையை ஒரே ஆளிடம் கொடுத்து வைத்தோம்.

உடல்நலப் படிவம்: இது வந்த இரவுதான் குடும்பத்தில் யார் யாருக்குச் சர்க்கரை என்பது வெளியானது.

காற்று: சிலிண்டருக்குள் இருப்பது ஆக்ஸிஜன் அல்ல, நாம் விடும் இதே காற்றை 200 பார் வரை அழுத்தி அடைத்தது. இதைச் சொல்லியிருக்கக் கூடாது. "வீட்டு வாசல்ல சும்மா கிடைக்கிற காத்துக்கா காசு?" (அத்தை, நேரில், துடைப்பத்துடன்).

மச்சான் கோட்பாடு

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம்.

முக்குளிப்பில் யாரும் தனியே இறங்கக் கூடாது. இருவர் இருவராகத்தான் இறங்க வேண்டும் என்பது விதி. ஒருவர் கருவி பழுதானால் மற்றவர் தன் காற்றைத் தரவேண்டும். வெள்ளைக்காரன் இதை அண்மையில் கண்டுபிடித்ததாக நினைக்கிறான். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் காலில் கல்லைக் கட்டி இறங்கினார்கள், இடுப்புக் கயிற்றை மேலே ஒருவர் பிடித்திருந்தார். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள், ஏனென்றால் அக்காள் தங்கை தாலிக்காக அவன் கயிற்றை விடமாட்டான் என்று பட்டிமன்ற மேடைகளில் எல்லோரும் சொல்கிறார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் மேற்கோள் காட்ட, அந்த மற்றவரை முதலாமவர் மேற்கோள் காட்ட, இது இன்று அசைக்க முடியாத உண்மையாகிவிட்டது. மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்ற பழமொழியும் துணைக்கு வருகிறது. ஆனால் அது மலையைத்தான் சொல்கிறது. கடலைப் பற்றி மௌனம் சாதிக்கிறது. அந்த மௌனத்தை இதுவரை எவரும் ஆராயாதது தமிழாய்வின் துயரங்களில் ஒன்று.

முதல் சிக்கல்: மச்சான் யார்? மனைவியின் உடன்பிறந்தவனும் மச்சான். சகோதரியின் கணவனும் மச்சான். (ரொட்டிச் சானாய் கடையில் முன்பின் தெரியாத ஆளையும் மச்சான் என்கிறோம், அது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.) இப்போது பாருங்கள். நான் கடலில், என் மனைவியின் அண்ணன் கயிற்றில்: பிழைத்தேன். ஆனால் அவர் கடலில், நான் கயிற்றில்? நான் விட்டுவிட்டால் என் சகோதரி தாலிக்கு ஒன்றும் ஆகாது. மாறாக, மாமனார் வீட்டு நிலத்தில் பங்காளி ஒருவர் குறைவார். அதாவது மச்சான் என்ற சொல் இருபக்கமும் ஒன்றாக இருந்தாலும் மச்சான் பாதுகாப்பு ஒருவழிப் பாதை. முத்துக் குளித்தவர்களுக்கு இது தொல்லையாக இல்லை. ஒருவர் எப்போதும் மேலே, ஒருவர் எப்போதும் கீழே. ஸ்கூபாவில் இருவருமே கீழே! இருவரும் ஒருவருக்கொருவர் கயிறு! எனவே ஒவ்வொரு இணையிலும் ஒருவர் மட்டுமே பாதுகாப்பாக மேலே வருவார் என்று கோட்பாடு கணிக்கிறது.

இதை நான் சுவரில் படம் போட்டு விளக்கியபோது அக்கா மகன் எழுந்து போய்விட்டான் (உடல்மொழிச் சான்று, வரவேற்பறை, மின்விசிறி வேகம் மூன்று, கதவு சாத்திய ஓசை நடுத்தரம்).

தீர்வு உண்டு. பெண் கொடுத்துப் பெண் எடுத்த மச்சான்கள். இவர் தங்கை அவருக்கு, அவர் தங்கை இவருக்கு. இங்கே எந்தக் கயிறு நழுவினாலும் ஒரு தங்கை விதவை. பாதுகாப்பு இருவழிப் பாதையாகிறது. ஆகவே உலக முக்குளிப்பு அமைப்புகள் சான்றிதழ் தருவதற்கு முன் கல்யாணப் பதிவேட்டைக் கேட்க வேண்டும் என்பது இவ்வாய்வின் பரிந்துரை.

எங்கள் குடும்பத்தில் இந்தத் தகுதி உள்ள இணை ஒன்றே ஒன்றுதான். மாமாவும் சித்தப்பாவும். மாமாவின் தங்கை என் சித்தி. சித்தப்பாவின் தங்கை என் அத்தை. இருவரும் ஆறு வருடமாகப் பேசுவதில்லை. காரணம், காதுகுத்து விருந்து ஒன்றில் ஆட்டுக்கறிச் சட்டி ஒரு பந்தி முன்னதாகவே காலியானது. இதில் இரண்டு பாடபேதங்கள் உண்டு. கறி குறைவாக வாங்கப்பட்டது என்பது மாமா மரபு (வாய்மொழி, சோபாவின் இடது ஓரம், பல் குத்தியபடி, மறுவருடம் தீபாவளியன்று அதே ஓரத்தில் உறுதிப்படுத்தியது, சித்தப்பா தண்ணீர் குடிக்க எழுந்தபோது திடீரென நிறுத்தியது). கறி சரியாகத்தான் வாங்கப்பட்டது, யாரோ சமையற்கட்டில் முன்னமே ருசி பார்த்துவிட்டார்கள் என்பது சித்தப்பா மரபு (வாய்மொழி, மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து கேட்டது, காற்றில் பாதி போயிற்று, மீதிப் பாதியைச் சித்தி திருத்தினார், திருத்தத்தைச் சித்தப்பா ஏற்கவில்லை). மூலப்பிரதியான சட்டி இன்று இல்லை.

கட்டைவிரல் பற்றிய குறிப்பு

புறப்படுவதற்குப் பத்து நாளைக்கு முன் "யார் யார் உறுதி?" என்று அக்கா மகன் கேட்டான். பதினான்கு கட்டைவிரல்கள் விழுந்தன. மகிழ்ந்துபோய்ப் படகுக்காரருக்குப் பதினான்கு என்று சொல்லிவிட்டான். முக்குளிப்பில் 'சரி' என்பதற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம்தான் சைகை. கட்டைவிரலை உயர்த்தினால் 'நான் மேலே போகிறேன், போதும்' என்று பொருள். பதினான்கு பேரும் துறையின் கலைச்சொல்லைத் துல்லியமாகவே பயன்படுத்தியிருந்தார்கள். சனிக்கிழமை விடியற்காலை கோலகெடா ஜெட்டியில் நின்றது ஐந்து பேர். அக்கா மகன், நான், கூட வந்த ஒரு நண்பன், மாமா, சித்தப்பா. பெரியவர்கள் இருவரும் மருத்துவர் கடிதத்தோடு வந்திருந்தார்கள். மற்றவர் வரமாட்டார் என்ற நம்பிக்கையில் இருவருமே வந்ததாகத் தெரிகிறது.

களப்பணி

பயிற்சி கொடுத்தவர் எங்கள் குடும்ப வரலாறு எதுவும் அறியாத ஒரு மலாய்க்கார இளைஞர். ஐந்து பேரையும் ஏற இறங்கப் பார்த்தார், எடையை மதிப்பிட்டார், மாமாவையும் சித்தப்பாவையும் ஒரே ஜோடியாக நிறுத்தினார். கோட்பாடு தெரியாமலே கோட்பாட்டின்படி நடந்த அந்தக் கணத்தில் நான் குறிப்பேட்டைத் தேடினேன். அது பிளாஸ்டிக் பையில் படகின் அடித்தட்டில் இருந்தது.

கரையோரத்தில் கருநுனிச் சுறாக் குட்டிகள் கணுக்கால் ஆழத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. மாமா அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். முத்துக்குளிப்புக் காலத்தில் சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டக் 'கடல்கட்டி' என்று ஒருவர் கரையில் இருந்தார், மார்க்கோ போலோ காலத்தில் மீன்கட்டிகளுக்கு இருபதில் ஒரு பங்கு கூலி என்று நான் எடுத்துச் சொன்னேன். யாரும் கூலியைப் பற்றிக் கேட்கவில்லை.

கருவிகள் பூட்டியாகிவிட்டது. சித்தப்பா ஒருமுறை இடுப்பைத் தடவினார், இன்னொருமுறை தடவினார், என்னைப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி, கயிறு எங்கடா?"

"கயிறெல்லாம் கிடையாது சித்தப்பா. பக்கத்துல இருக்கவரப் பார்த்துக்கிட்டா போதும்."

சித்தப்பா வாய்க்குக் கொண்டுபோன மூச்சுக்குழாயை இறக்கினார். ஆறு வருடத்தில் முதல்முறையாகத் திரும்பி மாமாவை நேராகப் பார்த்தார்.

"மச்சான், சட்டியில எவ்வளவு கறி இருந்துச்சு, இப்பவே சொல்லிடுங்க."

மாமா பதில் சொல்லாமல் கட்டைவிரலை உயர்த்தினார். பயிற்சியாளர் பதறிப்போய் இருவரையும் படகுக்கே ஏற்றிவிட்டார்.